புதிய தலைமுறை நுண்செயலி வேண்டுமா?



பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவுகள் வெளியாகிக் கல்லூரிச் சேர்க்கை தொடங்கும் காலத்தில், அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்துக் குடும்பங்களில் ஒரு கேள்வி தவறாமல் எழுகின்றது. "வீட்டில் இருக்கும் மடிக்கணினி போதுமா? புதிய தலைமுறை நுண்செயலி பொருத்திய ஒன்றை வாங்கித்தான் ஆக வேண்டுமா?" என்பதே அக்கேள்வி. நான் பணியிலிருந்து ஓய்வு பெற்று ஆண்டுகள் சில ஆயின. ஆயினும் என்னிடம் படித்தவர்கள் தங்கள் பிள்ளைகளுடன் வீட்டுக்கு வந்து இதைக் கேட்கிறார்கள். நான் கணிப்பொறி வல்லுநன் அல்லன். இயற்பியல் கற்பித்த ஆசிரியன். ஆனால் இக்கேள்விக்கு விடை காண இயற்பியலும் எட்டாம் வகுப்புக் கணக்கும் பெரும்பாலும் போதும்.

கேள்வி சிறியதாகத் தோன்றலாம். ஐம்பதாயிரம், அறுபதாயிரம் ரூபாய் என்பது தொழிற்பேட்டையில் லேத் பட்டறையில் நிற்கும் ஒருவருக்கு இரண்டு மூன்று மாத ஊதியம். அதைத் தவணையில் கட்டத் தொடங்கினால், அதே மாதத்தில் கட்ட வேண்டிய கல்லூரிக் கட்டணத்துக்கு நகை அடகுக் கடைக்குப் போகிறது. ஆகவே கடைக்காரர் சொல்லை அப்படியே ஏற்றுக்கொள்ளாமல், பொருளின் இயல்பை அறிந்து முடிவு செய்வதே முறையாகும்.

முதலில் ஒரு சொல் விளக்கம். கடையில் 'பிராசஸர்' என்கிறார்கள். அதைச் 'செயலி' என்று எழுதும் வழக்கம் உண்டு. ஆனால் கைப்பேசியிலுள்ள 'ஆப்' என்பதற்கும் அதே சொல் வழங்கிவிட்டமையால் குழப்பம் நேர்கிறது. எனவே நான் நுண்செயலி என்றே சொல்கிறேன். கணினிக்குள் கூட்டல், கழித்தல், ஒப்பிடுதல் ஆகிய வேலைகளைச் செய்யும் சில்லு அதுதான். 1971-ஆம் ஆண்டு நவம்பரில் இன்டெல் நிறுவனம் விற்பனைக்கு விட்ட 4004 என்னும் நுண்செயலியில் ஏறத்தாழ 2,300 டிரான்சிஸ்டர்கள் இருந்தன. 2020 நவம்பரில் ஆப்பிள் நிறுவனம் வெளியிட்ட எம்1 என்னும் சில்லில் அவை 1,600 கோடி. இந்த வளர்ச்சியை முன்கூட்டியே உணர்ந்தவர் கார்டன் மூர். ஒரு சில்லில் அடங்கும் உறுப்புகளின் தொகை ஆண்டுதோறும் இரட்டிக்கும் என்று 1965-இல் எழுதினார். 1975-இல் அதனை இரண்டாண்டுக்கு ஒருமுறை எனத் திருத்திக்கொண்டார்.

பெரும்பாலோர் மனத்தில் பதிந்திருப்பது இந்த இரட்டிப்புத்தான். 'மூன்றாண்டுப் பழைய கணினி என்றால் அது பாதி வேகந்தானே?' என்று எண்ணுகிறார்கள். ஒரு காலத்தில் அந்த எண்ணம் சரியாகவே இருந்தது. ராபர்ட் டென்னார்டு என்னும் பொறியாளரும் அவருடன் பணியாற்றியோரும் 1974-இல் ஓர் உண்மையை எடுத்துக் காட்டினர். டிரான்சிஸ்டரைச் சிறிதாக்கும்போது அதற்குரிய மின்னழுத்தத்தையும் அதே விகிதத்தில் குறைத்தால், வெப்பம் மிகாமலே வேகத்தைக் கூட்டலாம் என்பதே அது. முப்பது ஆண்டுக் காலம் தொழிற்சாலைகள் அவ்வழியே சென்றன. பிறகு மின்னழுத்தத்தை அதற்குமேல் குறைக்க இயலாத நிலை வந்தது. குறைத்தால் அணைத்து வைத்த டிரான்சிஸ்டரிலும் மின்னோட்டம் கசியலாயிற்று, வெப்பம் ஏறியது. 2004 அக்டோபரில், 4 கிகாஹெர்ட்ஸ் வேகத்தில் வரவிருந்த பென்டியம் 4 நுண்செயலியை இன்டெல் நிறுவனமே கைவிட்டது. ஒரு மாட்டை இன்னும் விரைவாக ஓட்ட முடியாதபோது இரண்டு மாடுகளைப் பூட்டுவதுபோல, ஒரே சில்லில் இரண்டு, நான்கு, எட்டு என உட்கருக்களை அமைக்கும் முறை அதன்பின் பரவிற்று. 'கோர்' என்று கடையில் சொல்வது இந்த உட்கருவைத்தான்.

எனவே அடுத்தடுத்த இரு தலைமுறைகளுக்கு இடையிலுள்ள வேறுபாடு இப்போது பெரும்பாலும் பத்து, பதினைந்து விழுக்காட்டளவில் நின்றுவிடுகிறது. சில வேளை தம்பி அண்ணனைவிடப் பின்தங்குவதும் உண்டு. 2023 டிசம்பரில் வந்த இன்டெல் கோர் அல்ட்ரா வரிசையில் 16 உட்கருக்கள் கொண்ட 155-எச் என்னும் சில்லு இருந்தது. 2024 செப்டம்பரில் மெல்லிய மடிக்கணினிகளுக்கென வந்த அடுத்த வரிசையில் உட்கருக்கள் எட்டே. மின்சாரத்தைச் சிக்கனமாகச் செலவிடுவதில் புதியது சிறந்தது. எல்லா உட்கருக்களையும் ஒருங்கே உழைக்கச் செய்யும் கனமான பணிகளில் பழையதே முந்தியது. 'புதியது' என்ற ஒரு சொல்லுக்குள் இவ்வளவு வேறுபாடு அடங்கியிருக்கிறது.

இனி, நம் வீட்டுக் கணினி ஏன் தாமதிக்கிறது என்பதைப் பார்ப்போம். இதற்குத் திருமுல்லைவாயில் அன்பர் ஒருவரின் பயணத்தை எடுத்துக்கொள்கிறேன். அவர் நாள்தோறும் பாரிமுனையிலுள்ள அலுவலகத்துக்குச் செல்கிறார். வீட்டிலிருந்து நிலையத்துக்கு நடை 15 நிமிடம். நடைமேடையில் காத்திருப்பு 15 நிமிடம். மின்சார ரயிலில் 40 நிமிடம். மூர்மார்க்கெட் வளாகத்தில் இறங்கி அலுவலகம் சேர 20 நிமிடம். ஆக மொத்தம் 90 நிமிடம். ரயிலின் வேகத்தை இரு மடங்காக்குவோம். ரயில் பயணம் 20 நிமிடமாகும், மொத்தம் 70. வேகம் இரட்டித்தும் பயணம் பாதியாகவில்லை. ரயில் மின்னலாகவே மாறிவிட்டாலும் எஞ்சிய ஐம்பது நிமிடம் ஐம்பது நிமிடந்தான். ஒரு பகுதியை மட்டும் விரைவாக்கினால் முழுமைக்குக் கிட்டும் ஆதாயத்துக்கு ஓர் எல்லை உண்டு என்னும் இக்கருத்தைக் கணினித் துறையில் 1967-இல் ஜீன் ஆம்டால் என்பார் எடுத்துரைத்தார். புதிய நுண்செயலி வாங்குவது ரயிலை மட்டும் விரைவாக்குவது போன்றது. நடையும் காத்திருப்பும் எங்கே இருக்கின்றன என்று முதலில் பார்க்க வேண்டும்.

பழைய மடிக்கணினியில் அவை வன்தட்டில் இருக்கின்றன. அது உண்மையிலேயே சுழலும் தட்டு. மடிக்கணினிகளில் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 சுற்று, அதாவது விநாடிக்கு 90 சுற்று. வேண்டிய செய்தி ஊசிமுனைக்கு அடியில் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்றுக் காத்திருக்க வேண்டும். அதற்கு முன் கை நகர வேண்டும். இரண்டும் சேர்ந்து விநாடியில் நூற்றில் ஒரு பங்குக்கு மேல் ஆகிவிடும். அந்த நூற்றில் ஒரு பங்கு நேரத்தில், 3 கிகாஹெர்ட்ஸ் நுண்செயலி மூன்று கோடி முறை துடித்து முடிக்கிறது; செய்தி வராமையால் வெறுமனே துடிக்கிறது. எஸ்.எஸ்.டி. என்னும் சேமிப்பகத்தில் சுழலும் உறுப்பே இல்லை. சிதறிக் கிடக்கும் செய்திகளைச் சுழல்தட்டு விநாடிக்கு நூறு முறைகூட எடுத்துத் தராது, எஸ்.எஸ்.டி. பல்லாயிரம் முறை எடுத்துத் தரும். நுண்செயலிகளில் எந்த இரு தலைமுறைகளுக்கு இடையிலும் இத்தகைய வேறுபாடு இல்லை.

நினைவகம், அதாவது ரேம், போதாதபோதும் இதே கதைதான். மேசை சிறிதாக இருந்தால் எழுதுகிறவன் ஒவ்வொரு தாளையும் அலமாரிக்குக் கொண்டுபோய் வைத்துவிட்டு அடுத்த தாளை எடுத்து வருவான். அவன் கை எவ்வளவு விரைவாக எழுதினால் என்ன?

சென்ற ஆண்டு அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் பணிபுரியும் பழைய மாணவர் ஒருவர், வணிகவியலில் சேர்ந்த தம் மகளுடன் வந்தார். 2019-இல் வாங்கிய மடிக்கணினி, எட்டாம் தலைமுறை நுண்செயலி, 4 ஜி.பி. நினைவகம், சுழலும் வன்தட்டு. "திறப்பதற்குள் ஒரு காப்பி குடித்துவிடலாம், ஐயா. கடையில் இது செத்த கணினி என்கிறார்கள். புதியது வாங்கத் தவணைத் தாளிலும் பேர் எழுதிவிட்டேன்," என்றார். கையொப்பம் இடவில்லை என்பதைக் கேட்டு அறிந்துகொண்டேன். கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் என்னும் மூன்று விசைகளையும் ஒருங்கே அழுத்தச் சொன்னேன். டாஸ்க் மானேஜர் என்னும் பலகை தோன்றிற்று. நுண்செயலிக்குரிய கட்டத்தில் இருபதுக்கும் குறைவான விழுக்காடு, நினைவகத்தில் தொண்ணூறு, வன்தட்டில் நூறு. அந்தப் பெண் அதைப் பார்த்தவுடனே, "அப்பா, இதில் வேலை செய்யாமல் உட்கார்ந்திருப்பது பிராசஸர்தான்," என்றாள். நான் சொல்ல வேண்டியதை அவளே சொல்லிவிட்டாள். தந்தையும் மகளும் ஒரு சனிக்கிழமை ரயிலேறி ரிச்சி தெருவுக்குச் சென்று எஸ்.எஸ்.டி. ஒன்றும் கூடுதல் நினைவகமும் பொருத்திக்கொண்டு வந்தார்கள். சில ஆயிரம் ரூபாயில் வேலை முடிந்தது. இப்போது அரை நிமிடத்துக்குள் திறக்கிறது என்றார்கள். (2025-ஆம் ஆண்டின் பிற்பகுதியிலிருந்து நினைவகச் சில்லுகளின் விலை கடுமையாக ஏறத் தொடங்கிற்று, செயற்கை நுண்ணறிவுக்கெனக் கட்டப்படும் பெரிய கணினி நிலையங்கள் அவற்றை வாரிக்கொள்வது அதற்கு ஒரு காரணம். எனவே அவர்கள் கொடுத்த விலையே இன்றும் இருக்கும் என எண்ண வேண்டா. ஏறிய விலையிலும் கணக்கு மாறாது.)

புதியது வாங்கியே ஆக வேண்டும் என்போர்க்குப் பெயர்ப் பலகையைப் பற்றி ஓர் எச்சரிக்கை. எண்ணில் பெரியதெல்லாம் பிறப்பில் புதியது அன்று. ஏ.எம்.டி. நிறுவனத்தின் ரைசன் 5 7520-யூ என்னும் நுண்செயலியைப் பாருங்கள். முதல் எண்ணாகிய 7 என்பது 2023-ஆம் ஆண்டு வரிசையைக் குறிக்கும். மூன்றாம் எண்ணாகிய 2 என்பதே அதன் உள்ளமைப்பைச் சொல்கிறது; அது 2019-இல் அறிமுகமான 'ஜென் 2' அமைப்பு. அதே 7000 வரிசையில் 7730-யூ என்பது 'ஜென் 3'. 7840-யூ என்பது 'ஜென் 4'. மூன்றும் ஒரே மேசையில் ஒரே ஆண்டுப் பெயருடன் வீற்றிருந்தன. இன்டெல் நிறுவனமும் 'ஐ' என்னும் எழுத்தை நீக்கிக் 'கோர் 5', 'கோர் 7' என்று 2024-இல் புதுப் பெயரிட்டு விற்றவற்றுள் முந்திய தலைமுறையின் உள்ளமைப்புடையவை இருந்தன. இவற்றில் பொய் ஏதும் இல்லை. எல்லாம் நிறுவனத்தாரின் அட்டவணையில் எழுதப்பட்டவையே. ஆனால் அந்த அட்டவணையைப் படித்துவிட்டுக் கடைக்குப் போகிறவர் எத்தனை பேர்?

பெயரின் இறுதியில் நிற்கும் எழுத்தையும் கவனிக்க வேண்டும். 'யூ' என்றால் பொதுவாக 15 வாட் அளவில் இயங்குவது. 'எச்' என்றால் 45 வாட் அளவு. அக்கினி நட்சத்திர நாள்களில் ஆவடிப் பக்கத்து மாடி அறையில் மெல்லிய மடிக்கணினி ஒன்று 45 வாட் வெப்பத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டும்? சூடு எல்லை மீறும்போது நுண்செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. விசிறியில் தொழிற்பேட்டைப் புழுதி அடைந்திருந்தால் அந்தக் குறைவு இன்னும் விரைவில் வரும். விலை மிகுந்த நுண்செயலி, பூந்தமல்லி நெடுஞ்சாலையில் குமணன்சாவடி நெரிசலில் நிற்கும் பெரிய மோட்டார் வண்டியின் நிலையை அடைகிறது. நான்காண்டு பயன்படுத்திய கணினியைத் திறந்து விசிறியைத் துப்புரவு செய்து, வெப்பப் பசையைப் புதுப்பித்தாலே இழந்த வேகம் திரும்புவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

ஆனால் 'எல்லாரும் பழையதையே வைத்துக்கொள்ளுங்கள்' என்று சொல்லவும் நான் வரவில்லை. சிலர் மாற்றித்தான் ஆக வேண்டும். அவர்களுள் முதல்வர், வேலையின் தன்மையால் நுண்செயலியையே உழைக்கச் செய்பவர்: கட்டட வரைபடம், முப்பரிமாணப் படம், படத்தொகுப்பு, பெரிய மென்பொருளைத் தொகுத்தல் ஆகியவற்றைச் செய்வோர். அவர்களுடைய டாஸ்க் மானேஜரில் நுண்செயலியின் கட்டமே நூறைத் தொட்டுக்கொண்டிருக்கும். ஐந்தாறு தலைமுறைகள் தாண்டினால் அவர்களுக்குக் காலம் உண்மையாகவே மிச்சமாகும். அடுத்தவர், மின்னிணைப்பு இல்லாத இடத்தில் நாள் முழுதும் உழைப்பவர். 2020-இல் விசிறியே இல்லாமல் வந்த ஆப்பிள் எம்1 மடிக்கணினி, சிக்கனத்தில் எவ்வளவு தொலைவு செல்லலாம் என்பதைக் காட்டியது; பிற நிறுவனங்களும் அவ்வழியைப் பின்பற்றின. சென்ற சில ஆண்டுகளில் நுண்செயலிகள் அடைந்த உண்மையான முன்னேற்றம் எது என்று என்னைக் கேட்டால், வேகத்தைச் சொல்ல மாட்டேன். ஒரு முறை மின்னேற்றிக்கொண்டு எத்தனை மணி நேரம் உழைக்கிறது என்பதையே சொல்வேன்.

மூன்றாமவர் நிலைதான் வருந்தத் தக்கது. அவருடைய கணினி நன்றாகவே இருக்கும். வெளியிலிருந்து ஒரு விதி அதைத் தள்ளிவைத்துவிட்டது. 2021 அக்டோபரில் வெளிவந்த விண்டோஸ் 11, மிகச் சிலவற்றைத் தவிர, எட்டாம் தலைமுறைக்கு முந்திய இன்டெல் நுண்செயலிகளை ஏற்பதில்லை, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு ஏற்பாடும் வேண்டும் என்கிறது. 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு விண்டோஸ் 10-க்கான பொதுவான ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுவனம் நிறுத்திக்கொண்டது. வீட்டுப் பயனருக்கு 2026 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்களை நீட்டிக்கும் வழி ஒன்றையும் அறிவித்தது. திருத்தம் வராத கணினியில் வங்கிக் கணக்கையும் ஓய்வூதியச் செய்திகளையும் திறப்பது, தாழ்ப்பாள் பழுதான வீட்டில் உறங்குவதற்கு ஒப்பு.

இங்கே நம் மாநிலத்தின் அனுபவம் நமக்குக் கைகொடுக்கிறது. 2011 செப்டம்பர் 15-ஆம் நாள், நம் திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரில், அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதா மாணவர்க்கு விலையில்லா மடிக்கணினி வழங்கும் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். பின்வந்த ஆண்டுகளில் ஐம்பது லட்சத்துக்கு மேற்பட்ட மடிக்கணினிகள் வழங்கப்பட்டன. அவற்றின் நுண்செயலிகள் எளிய வகையைச் சேர்ந்தவை. அவற்றைத் தம் பள்ளி மாணவர்க்குக் கையெழுத்து வாங்கிக் கொடுத்த தலைமையாசிரியர்களுள் நானும் ஒருவன். பின்னர் அவற்றுள் பலவற்றைப் பழைய மாணவர் வீடுகளில் மூலையில் கிடக்கக் கண்டேன். மின்கலம் செயலிழந்து கிடந்தவை உண்டு; மின்னேற்றியின் வடம் அறுந்தவை உண்டு; விசைப்பலகை பெயர்ந்தவை உண்டு. நுண்செயலி பழுதானதால் கிடந்த ஒன்றை நான் பார்த்ததில்லை. அவற்றில் விண்டோஸுடன், சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய 'பாஸ்' என்னும் லினக்ஸும் சேர்த்துத் தரப்பட்டிருந்தது. அந்நாளில் மாணவர் அதைத் திறந்தும் பார்க்கவில்லை. விண்டோஸ் 11 ஏற்காத ஆறாம், ஏழாம் தலைமுறைக் கணினிகளை உடையவர்க்கு இன்று அந்த லினக்ஸ் வழியே கைகொடுப்பது. தமிழில் தட்டெழுதலாம், இணையத்தில் உலாவலாம், கணக்கேடு எழுதலாம். பாதுகாப்புத் திருத்தங்களும் வந்துகொண்டிருக்கும். டாலி போன்ற, விண்டோஸுக்கென்றே எழுதப்பட்ட மென்பொருளை நம்பி வாழும் கடைக்காரர்க்கு இது பொருந்தாது. அவர் புதியது வாங்கத்தான் வேண்டும். அந்தச் செலவை அவர்மேல் சுமத்தியது நுண்செயலியின் முதுமை அன்று என்பதை மட்டும் அறிந்து வாங்கட்டும்.

இப்போது கடைகளில் உரக்கப் பேசப்படுவது செயற்கை நுண்ணறிவுக்கான தனி உறுப்பு. என்.பி.யூ. என்பது அதன் பெயர். விநாடிக்கு 40 லட்சம் கோடி கணக்குகளைச் செய்ய வல்ல அவ்வுறுப்பு உள்ள மடிக்கணினிகளுக்கு, 2024 மே மாதத்தில் மைக்ரோசாப்ட் நிறுவனம் ஒரு தனிப் பெயரே சூட்டியது. திறமை மெய்யானதுதான். ஆனால் மாணவர் இன்று கேள்வி கேட்டு விடை பெறும் உரையாடல் கருவிகளில் பெரும்பாலானவை தொலைவிலுள்ள கணினி நிலையங்களில் இயங்குகின்றன. அவற்றுக்கு வேண்டியது நல்ல இணைய இணைப்பு. அந்த உறுப்புக்கென்று பணம் கொடுப்பதற்கு முன், 'இதைக் கொண்டு என் மகன் வரும் ஆண்டில் செய்யப்போகும் ஒரு வேலையைச் சொல்லுங்கள்' என்று விற்பனையாளரைக் கேளுங்கள். பூந்தமல்லியில் அன்பர் ஒருவர் என் சொற்படி அவ்வாறே கேட்டார். கிடைத்த விடை: "படம் எடுக்கும்போது முதுகுப் பக்கம் மங்கலாகத் தெரியும், சார்."

வாங்குவதென்று முடிவு செய்தவர், தலைமுறையைக் கேட்கும் முன் நினைவகத்தைக் கேட்க வேண்டும். இயலுமாயின் 16 ஜி.பி. அது பின்னர்க் கூட்டக்கூடியதா, பலகையோடு பற்றவைக்கப்பட்டதா என்பதையும் கேட்க வேண்டும். மின்கலத்தால் புகழ்பெற்ற 2024-ஆம் ஆண்டின் அந்த இன்டெல் வரிசையில் நினைவகம் நுண்செயலியின் உறையிலேயே அடங்கிவிட்டது. வாங்கும் நாளில் உள்ள அளவே இறுதி வரை. நினைவகமும் சேமிப்பகமும் நிறைவாயிருந்தால், இரண்டாண்டு முந்திய தலைமுறையைக் குறைந்த விலையில் வாங்குவதில் யாதொரு இழப்பும் இல்லை.

2025 மார்ச் 14-இல் சட்டமன்றத்தில் வைக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்தில், இரண்டாண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்க்குக் கணினி வழங்குவதாக மாநில அரசு அறிவித்தது; 2026 ஜனவரியில் வழங்கத் தொடங்கியது. எளிய நுண்செயலி, 8 ஜி.பி. நினைவகம், 256 ஜி.பி. எஸ்.எஸ்.டி.; சுழலும் தட்டு இல்லை. கலை, வணிகம், அறிவியல் படிப்போர்க்கு அது பட்டம் பெறும் வரை உழைக்கும். அதைப் பெற்ற பின்னும் 'இது ஐ3 தானே' என்று வேறொன்றுக்குத் தவணைத் தாளில் கையொப்பமிடக் கிளம்பும் பெற்றோர் சற்றுப் பொறுக்கலாம். பொறியியலும் கட்டடக் கலையும் படிப்போர் மட்டும், எந்த மென்பொருள் எந்தப் பருவத்தில் வருகிறது என்று கல்லூரி ஆய்வகத்தில் கேட்டு அறிந்துகொண்டு, அப்பருவம் தொடங்கும்போது வாங்கலாம். முதலாண்டிலேயே வாங்கி வைத்தால் அது அலமாரியில் பழையதாகும்.